பேய்க்கு பெருங்காயப் புகை

கேள்வி: வெள்ளைக்கார மந்திரவாதிங்க கையில கோல் வெச்சுக்கிட்டு ஆவிய அதட்டி கூப்பிடுவாங்களாமே, அது வரலேன்னா என்ன சார் பண்ணுவாங்க?
- வாசகர், திருச்சி

பதில்: சும்மா விடமாட்டாங்க! ஐரோப்பால சாலமன் ராஜா பேர்ல ஓடுன மந்திர ஏடுங்கள்ல எல்லாத்துக்கும் ரூல்ஸ் இருக்கு. கோலுக்கு ஹேசல் மரத்துல ஒரு வருஷம் வளர்ந்த குச்சி, அதையும் புதன்கிழமை சூரியன் உதிக்கிறப்ப ஒரே வெட்டுல வெட்டணும். அப்புறம் 9 அடி வட்டம் போட்டு மந்திரவாதி உள்ள பத்திரமா நின்னுக்குவாரு, ஆவி வெளிய 2 அடி தள்ளி ஒரு முக்கோணத்துக்குள்ளதான் வரணும்.

அந்த ஏடுங்கள்ல ஒண்ணான 17ஆம் நூற்றாண்டு லெமெகெட்டன்ல 72 ஆவிங்க லிஸ்ட் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முத்திரை, கூப்பிட்டு கூப்பிட்டு பாத்தும் வரலேன்னா அந்த முத்திரைய கருப்பு பெட்டில போட்டு கூடவே கந்தகம், பெருங்காயம்னு நாத்தம் புடிச்சதெல்லாம் அடைச்சு, இரும்புக் கம்பியால கட்டி, வாள் முனைல தொங்கவிட்டு கரி நெருப்புல காட்டணுமாம். நாம சாம்பார்ல போடுற அதே பெருங்காயம்தான், அங்க பேய்க்கு தண்டனை! இத்தனை மிரட்டலும் கடவுள் பேர சொல்லித்தான் நடக்கும், அது வேற.

ஆனா ஆவி வந்து நின்னுடுச்சுன்னா டோன் அப்படியே மாறிடும், மரியாதையா வரவேற்கறதுக்குன்னே தனியா ஒரு மந்திரம் எழுதி வெச்சிருக்காங்க.