வீட்டுக்குச் சின்னக் காற்றாலை: மேற்கே என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: சுரண்டை பக்கம் எங்கள் ஊர். மாடி வீடு. வீட்டுக்கு மேற்கே 100 அடி தள்ளித் தென்னந்தோப்பு. மரங்கள் 60 அடி இருக்கும். ஆனி, ஆடியில் மொட்டை மாடியில் நிற்க முடியாது, கொடியில் துணி தங்காது. மூன்று கிலோமீட்டரில் பெரிய காற்றாலைகள் சுற்றுகின்றன. ஒருவர் சின்னக் காற்றாலை விற்க வந்தார். இறக்கை வட்டத்தின் விட்டம் நாலரை அடி, நொடிக்கு 12 மீட்டர் காற்றில் 1 கிலோவாட் தரும், மொட்டை மாடியில் 10 அடிக் குழாய் நட்டால் போதும் என்கிறார். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. வாங்கலாமா? வீட்டிலிருந்து 400 அடியில், குளத்துக்குக் கிழக்கே, கரையை அடுத்து எங்கள் புஞ்சையும் இருக்கிறது.

பதில்: மொட்டை மாடியில் வேண்டாம். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். புஞ்சையைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் அங்கேயும் அளந்து பார்த்த பிறகுதான்.

நீங்கள் நல்ல காற்றுள்ள பகுதியில்தான் இருக்கிறீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை உங்கள் வட்டாரத்தில் அடித்து வீசும். ஆரல்வாய்மொழி, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்களுக்குக் கிழக்கேயும் இதே கதைதான். ஊருக்குக் காற்று இருப்பது வேறு, உங்கள் கம்பத்தின் உச்சிக்குக் காற்று வந்து சேர்வது வேறு. பெரிய காற்றாலைகளைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இப்போது நிறுவப்படுகிறவற்றின் சுழலி, அதாவது இறக்கைகள் சுற்றும் தலைப்பகுதி, 80, 100, 120 மீட்டர் உயரத்தில், அதாவது 260 அடிக்கு மேலே இருக்கிறது. மரமும் வீடும் உள்ள நிலத்தில் 10 மீட்டர் உயரத்துக்கும் 100 மீட்டர் உயரத்துக்கும் இடையே காற்றின் வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடும். வேகம் ஒன்றரை மடங்கு என்றால் சக்தி மூன்று மடங்குக்கு மேல். அவர்களுடைய காற்று வேறு, உங்கள் மாடியின் காற்று வேறு.

காற்றின் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. நம் ஊர் வெப்பத்தில், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமந்து வருவது ஏறத்தாழ 15 வாட். 6 மீட்டரில் அதுவே சுமார் 124 வாட். எனவே, மரத்தடியில் வேகம் பாதியாகக் குறைந்தால் நீங்கள் இழப்பது பாதியை அல்ல, எட்டில் ஏழு பங்கை.

இதே கணக்கை விற்பனையாளர் சொன்ன இயந்திரத்துக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை அடி விட்டம் என்றால் இறக்கை வளைத்துச் சுற்றும் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நொடிக்கு 12 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தின் வழியே போகும் மொத்தச் சக்தி 1,470 வாட் அளவுக்குத்தான் வரும். எந்தக் காற்றாலையும் இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயலாது. பெட்ஸ் வரம்பு என்று இதற்குப் பெயர், இயற்பியல் விதித்த எல்லை அது. அப்படிப் பார்த்தால் உச்சமே 870 வாட். சிறிய இயந்திரங்கள் உண்மையில் எடுப்பது 20 முதல் 30 சதவீதம், மிக நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம். ஆக 300, 400 வாட்தான் வரும். 1 கிலோவாட் என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது. எந்தக் காற்றாலையை வாங்கப் போனாலும் கிலோவாட்டைக் கேட்பதற்கு முன் விட்டத்தைக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 12 மீட்டர் என்பது மணிக்கு 43 கிலோமீட்டர். ஆடியில் அது வரும், போகும். ஐப்பசியிலிருந்து பங்குனிவரை என்ன செய்வீர்கள்? இயந்திரம் சுழலத் தொடங்கவே 3 மீட்டர் வேகம் வேண்டும். ஆண்டு முழுவதற்குமான சராசரிதான் உங்கள் மின்சாரத்தைத் தீர்மானிக்கிறது. கொடியில் பறந்த வேட்டி அல்ல.

அந்தச் சராசரியை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மீட்டர் விட்டமுள்ள நல்ல காற்றாலை, சுழலி உயரத்தில் ஆண்டுச் சராசரி 3 மீட்டராக இருந்தால் நாளுக்கு அரை யூனிட்டைக்கூடத் தொடாது. 4 மீட்டர் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 5 மீட்டரில் இரண்டு யூனிட்டைத் தாண்டும். 6 மீட்டரில் நான்கு யூனிட் கிடைக்கும். உங்கள் செலவு நாளுக்கு ஆறரை யூனிட்டுக்கு மேல். நான்கு மீட்டருக்குக் கீழே சராசரி உள்ள இடத்தில் காற்றாலை வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐந்துக்கு மேல் என்றால் உட்கார்ந்து பேசலாம். இடையில் இருந்தால், மின்கம்பி எட்டாத தோட்ட வீட்டுக்கு, பேட்டரிக்குத் துணையாக வைக்கலாம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். சீசனில் காற்று மேற்கிலிருந்து வருகிறது, மேற்கே தோப்பு நிற்கிறது. ஒரு தடைக்குப் பின்னால் காற்று கலங்கி உருண்டுகொண்டுதான் வரும். அந்தக் கலக்கம் தடையின் உயரத்தைப்போல் இரு மடங்கு உயரம்வரை எழும்பி, இருபது மடங்கு தூரம்வரை நீளும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் மதிப்பீடு. 60 அடித் தோப்புக்கு 120 அடி உயரம், 1,200 அடி தூரம். தோப்பில் இடைவெளி உண்டு, சுவர்போல் முழுக்கத் தடுக்காது. ஆனாலும் 100 அடியில் இருக்கும் உங்கள் வீடு அந்தக் கலக்கத்தின் நடுவில்தான் இருக்கிறது. மாடியில் நிற்கும்போது முகத்தில் அடிக்கிறதே, அது திசை மாறி மாறி வரும் குத்துக் காற்று. சுழலி ஒரு பக்கம் திரும்புவதற்குள் காற்று மறுபக்கம் போய்விடும். மின்சாரம் வராது, பேரிங்குகள் தேயும், இறக்கையின் அடிப்பாகத்தில் விரிசல் விழும்.

கட்டடமும் தன் பங்குக்குத் தொல்லை தரும். கைப்பிடிச் சுவரில் மோதி மேலெழும்பும் காற்று, மாடித் தளத்துக்கு மேலே சுழன்று ஒரு வெற்றிடம்போல் விட்டுச் செல்லும். 10 அடிக் குழாய் அதற்குள்ளேயே நிற்கும். மேற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். அதிர்வு குழாய் வழியாகத் தளத்தில் இறங்கி இரவெல்லாம் படுக்கையறையில் ரீங்காரமிடும். போல்ட் அடித்த இடத்தில் அடுத்த மழைக்கு ஒழுகும். பிரிட்டனில் 2007–08இல் கட்டடங்களின்மேல் பொருத்திய 26 சிறிய காற்றாலைகளை ஓராண்டு அளந்தார்கள். வாரிக் சோதனை என்பார்கள். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்து, ஒரு காற்றாலை நாளுக்குத் தந்த சராசரி 214 வாட்-ஹவர், அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. காற்றுக்குப் பேர்போன நாட்டிலேயே இந்த நிலை.

செங்குத்து அச்சில் சுழலும் மாதிரி எல்லாத் திசைக் காற்றையும் பிடிக்கும் என்று அடுத்து ஒருவர் வரலாம். திசையைப் பிடிக்கும், உண்மைதான். இல்லாத சக்தியை எங்கிருந்து பிடிக்கும்?

தோப்பை மீறிக் கம்பம் எழுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். சுற்றிலும் 500 அடி தூரத்துக்குள் எது மிக உயரமோ, அதற்கு மேல் குறைந்தது 30 அடியில் இறக்கையின் கீழ்முனை இருக்க வேண்டும் என்பது பழகிய விதி. உங்களுக்கு அது 90 அடிக்கு மேல் போகும். நெட்டைத் தென்னை 60 அடியோடு நிற்பதுமில்லை. 70, 80 அடிவரை வளரும். அவ்வளவு உயரக் கம்பத்தின் செலவு காற்றாலையின் விலையை விழுங்கிவிடும்.

ஆகவே புஞ்சை. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான், ஆனால் மூன்று விஷயங்களை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் பகுதியில் நிலம் கிழக்கே சரிவதால் குளத்துக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். அது 10, 15 அடி உயர மண்மேடு. காற்றுக்கு அதுவே முதல் தடை. கரைமேல் பனை வரிசை உண்டா? ஒன்றிரண்டு ஒற்றைப் பனை பரவாயில்லை. நெருக்கமாக நின்றால் தோப்புக்குச் சொன்ன கணக்கையே இங்கும் போட வேண்டும். அடுத்து, குளத்துக்குள் பாருங்கள். தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று வழுக்கிக்கொண்டு வரும் என்பது சரியே. ஆனால் உங்கள் குளம் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில். காற்றுச் சீசனில் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். உள்ளே சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், திறந்த வெளி என்று நினைத்தது 15, 20 அடிப் புதர்க்காடாக இருக்கும். கரை, புதர் இவ்வளவுதான் தடை என்றால் 60 அடிக் கம்பம் போதும். பனை வரிசை நின்றால் இந்த யோசனையையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தூரம். காற்றாலையிலிருந்து வீட்டுக்கு 400 அடி, போகவர 240 மீட்டர் கம்பி. 48 வோல்ட் நேர்மின்சாரமாக (டி.சி.) 1 கிலோவாட்டைக் கொண்டுவந்தால் 21 ஆம்பியர் ஓடும். 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால்கூட 8, 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆறில் ஒரு பங்குக்கும் மேல் கம்பியைச் சூடாக்குவதற்கே செலவாகும். இழப்பை ஏழு சதவீதத்துக்குக் கொண்டுவர 25 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அந்தக் கேபிளின் விலையை விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். புஞ்சையிலேயே மோட்டார் அறை, விளக்கு, வேலிக்கு மின்சாரம் தேவை என்றால் அங்கேயே பேட்டரி வைத்துக்கொள்ளலாம். விவசாய இணைப்பு இருந்தால் மோட்டாருக்கு ஏற்கெனவே மின்சாரம் இலவசம். அதற்காகக் காற்றாலை வாங்குவதில் பொருளில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். காற்றுச் சீசனில் ஒரு பிற்பகல், மின்கம்பிகளிலிருந்து நன்றாகத் தள்ளி, புஞ்சையில் ஒரு பெரிய பட்டம் விடுங்கள். நூலில் பத்தடிக்கு ஒன்றாக ஐந்தடி நீள ரிப்பன்களைக் கட்டுங்கள். வெளிர் துணிக் கிழிசல் போதும். எந்த உயரத்துக்கு மேல் ரிப்பன் அலையாமல் நேராக நீட்டி நிற்கிறதோ, அங்கேதான் சீரான காற்று தொடங்குகிறது. அதற்குக் கீழே ரிப்பன் துள்ளும், சுருளும், திடீரெனத் தொங்கும். பிறகு அதே பட்டத்தை வீட்டுப் பக்கம் விட்டுப் பாருங்கள். நான் இவ்வளவு எழுதியதைவிட அது தெளிவாகச் சொல்லும். இடத்தில் நிற்கும் மரங்களையும் கவனியுங்கள். தனியாக நிற்கும் வேம்போ புளியோ கிழக்கே சாய்ந்தே வளர்ந்து, மேற்குப் பக்கக் கிளைகள் குட்டையாக இருந்தால், அந்த இடத்துக்குப் பல ஆண்டுகளாகப் பலத்த காற்று வருகிறது என்று பொருள்.

பட்டம் தேறினால் அடுத்தது கருவி. கிண்ணம் சுழலும் காற்றுவேகமானி, பதிவு செய்யும் வசதியோடு. ஒரு இரும்புக் குழாயை மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, 30 அடி உயரத்திலாவது மாட்டுங்கள். ஓராண்டு ஓடினால் மிக நல்லது. குறைந்தபட்சம் ஆனி, ஆடியில் இரண்டு மாதமும், தை, மாசியில் இரண்டு மாதமும் பதிவாகட்டும். சீசனை மட்டும் அளந்தால் நீங்களே உங்களை ஏமாற்றிக்கொள்வீர்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் இணையத்தில் இலவசமாகத் தரும் உலகக் காற்று வரைபடத்தில் உங்கள் புஞ்சையைத் தேடி, 10 மீட்டர், 50 மீட்டர் உயரங்களின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் 50 மீட்டருக்கு மேலான காற்றைப் பற்றியவை. உங்கள் தோப்பும் கரையும் எந்த வரைபடத்துக்கும் தெரியாது. வரைபடமே நான்குக்குக் கீழே காட்டினால் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம்.

கம்பத்துக்கு இடமும் கணக்கில் வரட்டும். இழுவைக் கம்பி கட்டிய 60 அடிக் கம்பத்துக்கு அடியிலிருந்து 30 முதல் 45 அடிவரை நாலாபக்கமும் நங்கூரம் வேண்டும். உழவு, டிராக்டர் போகும் வழி பார்த்துப் போடுங்கள். விழுந்தால் பக்கத்து நிலத்திலோ பாதையிலோ மின்கம்பியிலோ விழாத தூரம் இருக்க வேண்டும். அடியில் மடக்கிக் கீழே இறக்கக்கூடிய கம்பமாகவே கேளுங்கள். பழுது பார்க்க 60 அடி ஏறுவதற்கு ஊரில் ஆள் கிடைக்காது. இடி இறங்க எர்த் போடாமல் ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம்.

மாதச் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மொட்டை மாடியைச் சூரியனுக்குக் கொடுங்கள். தமிழ்நாட்டில் நிழல் விழாத 1 கிலோவாட் சோலார், ஆண்டுச் சராசரியில் நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். உங்களுக்கு 2 கிலோவாட் போதும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறார்கள். தோப்பின் நிழல் மாலை நான்கு மணிக்கு மேல் மாடியில் எதுவரை வருகிறது என்று மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்குக் கிழக்கே தகடுகளை வையுங்கள்.