பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஞாயிறு காலைகளில் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறோம். முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் ஆறு பேர்தான். “ஒன்றும் சரியாகத் தெரியவில்லை” என்கிறார்கள். எங்கே தவறு?

முப்பது பேரை ஒரே கூட்டமாக நடத்தியதில்தான். நீங்கள் கைகாட்டும் பறவையை முன்னால் நிற்கும் ஏழெட்டுப் பேர் பார்ப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் எட்டிப்பார்ப்பதற்குள் அது பறந்துவிடும். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு. அதற்கு மேல் வந்தால் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு பாதையில் அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவின் கடைசியிலும் ஓரளவு பறவை தெரிந்த ஒருவர் நடக்க வேண்டும். கடைசி ஆளும் பறவையைப் பார்த்தாரா என்று கவனிப்பதே அவர் வேலை.

அடுத்தது வேகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் தாராளம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, காலையில் மேற்கு நோக்கி நடங்கள். வெளிச்சத்தை எதிர்கொண்டு நடந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

“அதோ, அந்தக் கிளையில்!” என்றால் யாருக்கும் புரியாது. மரத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, “இரண்டு மணி திசையில், கிளை இரண்டாகப் பிரியும் இடத்தில்” என்று சொல்லிப் பழகுங்கள்.

இடத் தேர்விலும் பலர் சறுக்குகிறார்கள். புதியவர்களை முதல் நாளே அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் கூட்டிப்போய்க் கதிர்க்குருவிகளைத் தேட வைப்பது கொடுமை. நீர்நிலைக் கரையில் தொடங்குங்கள். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும். எல்லோரும் முறைவைத்துப் பார்க்கலாம். நாற்பது பறவையின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வருவது அரிது. ஐந்தை நன்றாகப் பார்த்தவர் அடுத்த வாரமும் வருவார்.

கேள்வி: பெரிதாகத் தெரியட்டும் என்று 10×50 பைனாகுலர் வாங்கினேன். இரண்டு வட்டம் தெரிகிறது. படம் ஆடிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். நடந்துகொண்டே பார்க்க 8×42 அல்லது 8×32 போதும். கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம்; முழங்கைகளை மார்போடு ஒட்டிவைத்தோ, மரத்தில் சாய்ந்தோ பாருங்கள்.

இரண்டு வட்டம் தெரிவதற்குக் காரணம், குழாய்களின் இடைவெளி உங்கள் கண்களின் இடைவெளிக்குப் பொருந்தாதது. இரண்டும் ஒரே வட்டமாகும்வரை நடுக்கீலை மடக்கியோ விரித்தோ பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழல் வழியே பார்ப்பதுபோல் குறுகலாகத் தெரியும்.

பிறகு, பலர் தொடாமலே விட்டுவிடும் ஒரு வேலை. வலது முன்வில்லையைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடது வில்லையை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், கண்பக்கத்தில் இருக்கும் தெளிவு வளையத்தை (ரப்பர் வளையத்தை அல்ல) மட்டும் திருகி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் அந்த வளையம் வலது பக்கம்தான் இருக்கும். அதன் நிலையைக் குறித்துவைத்துக்கொண்டால், வேறொருவர் திருகிவிட்டாலும் கவலையில்லை.

பறவையைப் பார்த்ததும் குனிந்து கருவியைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவைமீதே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சூரியனை அதன் வழியே ஒருபோதும் பார்க்கக் கூடாது, பார்வையே போய்விடலாம். பிள்ளைகளிடம் கருவியைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இருபத்தைந்து பிள்ளைகள், நான்கு பைனாகுலர். எப்படிச் சமாளிப்பது?

முதல் நாளுக்கு பைனாகுலரே வேண்டாம். ஆளுக்கொரு தாள் கொடுத்து, நடுவில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். அது அந்தப் பிள்ளை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, சத்தம் வந்த திசையிலும் தூரத்திலும் ஒரு குறி இடட்டும். அடுத்து, அடிக்கடி கண்ணில் படும் ஒரே ஒரு பறவையின் அலகையும் காலையும் மட்டும் வரையட்டும். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் பார்ப்பது அதோடு நின்றுவிடும்.

கேள்வி: குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் செயலி காட்டும் பெயர்களை அப்படியே பட்டியலில் எழுதலாமா? ஒளிந்திருக்கும் பறவையை வரவழைக்க அதன் குரலைப் போட்டுக் காட்டலாமா?

இரண்டும் வேண்டாம். செயலி சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதி செய்த பிறகு எழுதுங்கள். மைனாவும் கரிச்சானும் மற்றப் பறவைகளைப்போலவே குரல் கொடுக்கும், செயலி ஏமாந்துபோகலாம். குரலைப் போட்டால், தன் எல்லைக்குள் போட்டிக்காரன் நுழைந்துவிட்டதாக நினைத்துப் பறவை விரட்ட வரும். இனப்பெருக்கக் காலத்தில் முட்டையையோ குஞ்சையோ விட்டு வரும். பத்துப் பேர் படமெடுப்பதற்காக ஒரு கூட்டைப் பணயம் வைக்கக் கூடாது. கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் பகிரவும் வேண்டாம்.

கேள்வி: பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பட்டியல் போடும்போது எந்த இடத்தில் தவறு வருகிறது?

2002 முதல் இயங்கிவரும் இந்தத் தளத்தில் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்படுவது முழுமையான பட்டியல்தான். அதாவது, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எழுதியது. அரிய பறவையை மட்டும் எழுதிக் காக்கையை விட்டுவிட்டால் அது முழுமையான பட்டியல் ஆகாது. போன வழியிலேயே திரும்பி வந்தால் தூரத்தை ஒரு வழிக்கு மட்டும் குறியுங்கள். இரட்டிப்பாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. குழுவுக்கு ஒருவர் பட்டியல் எழுதி மற்றவர்களோடு பகிர்ந்தால் போதும். பறவைகள் பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவால் மொத்தத்தையும் அளங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியாது, ஆனால் வர ஆசைப்படுகிறார்.

கட்டாயம் அழைத்து வாருங்கள். மடக்கு நாற்காலியை மரநிழலில், நீரோ பூத்த செடியோ தெரியும்படி போடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது. அதற்குள் இடத்தை மாற்றிவிடாதீர்கள். ஆள் அசையாமல் இருந்தால் பறவைகள் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். அம்மா பார்த்ததை நேரம் போட்டு எழுதி வைக்கட்டும். நடக்கும் குழுவின் பட்டியலோடு அதைச் சேர்க்காமல், ஓரிடத்தில் இருந்து பார்த்த பட்டியலாகத் தனியே பதியுங்கள்.