எடிட்டரின் ‘கோப்பைத் திற’ பெட்டியில் ‘திருகோணமலை’ ஃபோல்டர் ஏன் அகப்படவில்லை?

நிலாவெளி, மூதூர், கிண்ணியா எல்லாம் தேடினால் வருகின்றன, திருகோணமலை மட்டும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் ‘கோ’வில்தான்.

யூனிகோடில் ‘ோ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ‘ே’, ‘ா’ என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முதலாவது 3 பைட், மற்றது 6 பைட். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். நீங்கள் பழைய மேக்கில் இருந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்த ஃபோல்டர் என்பதால் அதன் பெயரில் 11 குறியீடுகள் இருக்கும். கீபோர்டில் நீங்கள் அடிப்பது 10. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை வழக்கமாகப் பெயரை வெறும் பைட் வரிசையாகவே பார்ப்பதால், இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

சரி, எப்படித் திருத்துவது? எடிட்டரின் மூலநிரலில் தேடுசொல்லையும் கோப்புப் பெயரையும் ஒப்பிடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்றால், ஒப்பிடும் முன் இரண்டின் மீதும் நார்மலைஸ் செயற்கூற்றை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஓட்டினால் போதும்.

ஒன்றில் மிகவும் கவனம்: ஒப்பிடுவதற்கு மட்டும்தான் இந்த மாற்றம். கோப்பைத் திறக்க அனுப்பும் பாதையைத் தொடவே வேண்டாம். அதையும் மாற்றினால் பெயர் பட்டியலில் தெரியும், அழுத்தினால் ‘கோப்பு இல்லை’ என்று வரும். அந்தப் பிழையைப் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

அப்புறம், ‘கோணேஸ்வரம்’ என்ற பெயரை இரண்டு வடிவத்திலும் வைத்து ஒரு சோதனை எழுதி, திருத்தத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். எடிட்டரின் தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கும் சிக்கல் உடனே புரியும்.