பயாப்ஸி ஊசி எந்த வழியாகப் போவது நல்லது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கும் அப்பாவுக்கு வயது 66. ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம்) 8.4. எம்ஆர்ஐயில் புராஸ்டேட்டின் முன்பகுதியில் பை-ராட்ஸ் 4 (புற்றாக இருக்கும் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை தரும் மதிப்பெண்) என்று வந்திருக்கிறது. நீரிழிவு உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார். பயாப்ஸியை (ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் சோதனையை) ஆசனவாய் வழியாகச் செய்வதா, தோல் வழியாகவா?

பதில்: இரண்டிலும் அல்ட்ராசவுண்ட் கருவி ஆசனவாய்க்குள்தான் இருக்கும். ஊசி நுழையும் இடம்தான் வேறு. ஆசனவாய் வழியில் அது மலக்குடல் சுவரைத் துளைத்துப் போவதால், குடல் கிருமி புராஸ்டேட்டுக்கும் ரத்தத்துக்கும் போய்விடலாம். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் இப்போது நிறைய. நீரிழிவு அந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோல் வழியாகக் குத்தினால் கடுமையான தொற்று மிக அரிது. முன்பகுதிக்கும் ஊசி எளிதில் எட்டும். இரண்டையும் பார்த்தால் அப்பாவுக்குத் தோல் வழிதான் என்பேன். மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம். சிலருக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை துணுக்கு என்பதையும் கேளுங்கள். எம்ஆர்ஐ காட்டிய இடத்தில் 3 அல்லது 4, அதோடு இரு பக்கமும் சேர்த்து வழக்கமான 12. குறிவைத்த இடம் மட்டும் போதாதா என்றால், எம்ஆர்ஐ படத்தை அல்ட்ராசவுண்ட் படத்தோடு பொருத்தும்போது சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஊசி கட்டியைத் தாண்டிப் போய்விடும்.

குளோபிடோகிரெலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள், ஆனால் ஸ்டென்ட் புதிது என்றால் அதுவே அடைத்துக்கொள்ளலாம். இதய டாக்டர் சொல்லட்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் தொற்று இல்லை என்று முன்னதாகவே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சிறுநீரில் சில நாளும், விந்தில் சில வாரமும் ரத்தம் தெரியலாம், பயப்பட வேண்டாம். கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ பெனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பயாப்ஸியைப் பினாங்குத் தீவில் செய்திருந்தாலும் பாலம் தாண்டி அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு இரவிலேயே கூட்டிப்போய், பயாப்ஸி செய்ததை முதலில் சொல்லுங்கள்.

புற்று இல்லை என்று அறிக்கை வந்தாலும் பை-ராட்ஸ் 4 இருப்பதால் அதோடு விட்டுவிட முடியாது. எம்ஆர்ஐ படத்தை மறுபடி பார்த்து, ஊசி அந்த இடத்தில்தான் பட்டதா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.