லத்தீன் வாத்தியார் பதில்கள்

போன இதழில் என் மாணவர்கள் டோகா, அதாவது பழைய ரோமர்கள் உடம்பைச் சுற்றிக் கட்டிய நீளத் துணி, கட்டிக்கொண்டு நிற்கிற படம் வந்தாலும் வந்தது, 'இது என்ன கூத்து சார்?' என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நான் நெல்லைப் பக்கத்துக்காரன். சாமியாராகப் போகிறேன் என்று இளங்குருமடத்தில் சேர்ந்து, மூன்று வருஷம் லத்தீன் படித்துவிட்டு வெளியே வந்தவன். அந்த லத்தீன்தான் இப்போது ஃப்ளோரிடாவில் ஓர் அரசுப் பள்ளியில் சோறு போடுகிறது. இனி உங்கள் கேள்விகள்.

'லத்தீன் செத்த மொழி. அதில் போட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?' (தூத்துக்குடி வாசகர்)

செத்த மொழி என்பதை நீங்கள் வந்து எங்கள் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். காது கிழிந்துவிடும்.

அமெரிக்காவில் 'ஜூனியர் கிளாசிக்கல் லீக்' என்று மாணவர் அமைப்பு ஒன்று 1936 முதல் இருக்கிறது. லத்தீன், கிரேக்க ஆசிரியர்கள் 1919-ல் தொடங்கிய 'அமெரிக்கன் கிளாசிக்கல் லீக்' அதற்குத் தாய்ச் சங்கம். மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் ஏறிப் போய், கோடை விடுமுறையில் தேசிய மாநாட்டில் முடியும். வருஷத்துக்கு ஒரு பல்கலைக்கழக வளாகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே ஒரு வாரம் தங்கி, இலக்கணத் தேர்வு, புராணத் தேர்வு, ரோம வரலாற்றுத் தேர்வு என்று எழுதித் தள்ளுவார்கள். லீவில் போய்ப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாயங்காலமானால் மாநிலவாரியாக நின்று கோஷம் போடுவார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

லாபம் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. 14 வயதுப் பையன் ஒருவன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து, 'சார், ஹானிபல் ஏன் ரோமுக்குள் நுழையவில்லை?' என்று, ரோமை எதிர்த்துப் படையெடுத்த தளபதிக்காகச் சண்டை பிடிக்கிறான். சம்பளத்துக்கு மேல் எனக்குக் கிடைக்கிறது அது.

'வினாடி வினா மாதிரியா? எப்படி நடக்கும்?' (கோவில்பட்டி பிளஸ் டூ மாணவி)

அதற்குப் பெயர் 'கெர்த்தாமென்'. லத்தீனில் போட்டி என்று அர்த்தம். அணிக்கு நாலு பேர். முதல் கேள்விக்கு யார் முந்திப் பொத்தானை அழுத்துகிறார்களோ அவர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் கேட்கக் கூடாது. சரியாகச் சொன்னால் 10 மதிப்பெண். பிறகு அந்த அணிக்கு மட்டும் தலா 5 மதிப்பெண்ணில் இரண்டு உபரிக் கேள்விகள். அவற்றைக் கூடிப் பேசிச் சொல்லலாம்.

கேள்வியைப் பாதியிலேயே மறித்து அழுத்தலாம் என்பதில்தான் ருசி. கேள்வி எங்கே போகிறது என்று மோப்பம் பிடிக்கத் தெரிய வேண்டும். ஆனால் அழுத்திய பிறகு நடுவர் உன் இருக்கை எண்ணைச் சொல்லி அழைக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

இதில் நாங்கள் பட்ட அடி ஒன்று. ஒரு மாநிலப் போட்டி, அரையிறுதி. கேள்வி ஆரம்பிக்கிறது: 'தேர்தலில் நிற்பவரைக் குறிக்கும் எந்த ஆங்கிலச் சொல், வெள்ளை என்று பொருள்படும்...' அவ்வளவுதான், என் மாணவி அழுத்திவிட்டாள். அழுத்திய வேகத்திலேயே 'கேண்டிடேட்!' என்று கத்தியும் விட்டாள். நடுவர் இன்னும் எண்ணைச் சொல்லவில்லை. பதில் செல்லாது. அடுத்த அணிக்குக் கேள்வி போகிறது. அவர்கள் நிதானமாக அழுத்தி, அழைக்கும் வரை காத்திருந்து, இவள் சொன்ன பதிலையே சொல்லி 10 மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வருகிற மூன்று மணி நேரமும் பஸ்ஸில் அவள் யாரோடும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. விதியை வகுப்பில் நூறு முறை சொன்னேன். அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க ஒரு முறைகூடப் பழக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அந்தச் சொல்லின் கதையைக் கேளுங்கள். ரோமில் பதவிக்கு நிற்பவர் டோகாவில் சுண்ணம் தேய்த்துப் பளிச்சென்று வெளுப்பாக்கிக் கட்டிக்கொண்டு வீதியில் ஓட்டுக் கேட்டு வருவார். 'காந்திதுஸ்' என்றால் பளீர் வெள்ளை. அதிலிருந்து வந்ததுதான் கேண்டிடேட். கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் கும்பிட்டபடி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். என் அமெரிக்க மாணவர்களுக்கு விளக்க நம்மூர் தேர்தல் படம் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது.

'சீசரா, கைசரா? எது சரி?' (பாளையங்கோட்டை வாசகர்)

ஐயா, என் புண்ணைக் கிளறிவிட்டீர்கள். குருமடத்தில் நான் படித்தது கோயில் லத்தீன். 'வேனி, வீடி, வீச்சி' என்றுதான் எங்கள் சாமி சொல்லிக்கொடுத்தார். 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்ற சீசரின் வாசகம். இங்கே பள்ளிகளில் சொல்வது சீசர் காலத்து உச்சரிப்பு: 'வேனி, வீடி, வீக்கி'. ரோமப் பேச்சாளர் சிசரோவுக்குக் கோயிலில் 'சிச்செரோ', இங்கே 'கிக்கெரோ'. முதல் வருஷம் நான் 'சிச்செரோ' என்று சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். இரண்டுமே அந்தந்த வழக்கில் சரிதான். போட்டிக்குப் போனால் 'கிக்கெரோ', 'கைசர்'.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். லத்தீனில் குறில், நெடில் உண்டு. மாற்றினால் பொருள் மாறும். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமானவன். 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளுக்கு இந்த எகர ஏகார வித்தியாசத்தைக் காதில் ஏற்ற எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அரை நிமிஷம். 'பெறு, பேறு' என்பேன், புரிந்துவிடும். பேச்சுப் போட்டியிலும் கவிதை ஒப்பிப்பதிலும் நடுவர்கள் இதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். தமிழ் எழுத்தில் இந்தப் பேதத்தைத் தெளிவாகக் காட்டும் முறையை வீரமாமுனிவர் பெயரில் சொல்வது வழக்கம். இத்தாலியில் பிறந்து, தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதியவர் அவர். இந்த எ, ஏ கண்ணில் பட்டிருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

'படிப்பில் சுமாரான பிள்ளைகளுக்கு இடமுண்டா?' (சிவகாசி வாசகி)

அவர்கள்தான் எங்கள் அணியைத் தூக்கி நிறுத்துகிறவர்கள். சிற்பம், ஓவியம், மண்பாண்டம், ரோமக் கட்டட மாதிரி, உடை, நாடக வசனம், ஓட்டம், நீச்சல் எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு.

பாம்பேய் நகரத்தில் ஒரு வீட்டு வாசல் தரையில் சங்கிலி கட்டிய கறுப்பு நாய் இருக்கிறது. சின்னச் சின்னக் கல் பதித்துச் செய்த படம். கீழே 'காவே கானெம்' என்று எழுதியிருக்கும்: 'நாய் ஜாக்கிரதை'. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்து மூடியதால் பிழைத்துக் கிடக்கிறது. இலக்கணத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த என் மாணவன் ஒருவன் இதைச் செய்ய ஆசைப்பட்டான். கல் வாங்கக் காசில்லை. என் மனைவி அஞ்சறைப்பெட்டியையும் டப்பாக்களையும் திறந்துவிட்டாள். நாய்க்குத் தோல் எடுக்காத கறுப்பு உளுந்து, பின்னணிக்குப் பச்சரிசி, கழுத்துப்பட்டைக்கு மைசூர்ப் பருப்பு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பசையில் வைத்து, ஏழு வாரம். உளுந்தின் வெள்ளைக் கண் வெளியே தெரியாமல் திருப்பி வைக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடித்தான். இல்லாவிட்டால் நாய்க்கு உடம்பெல்லாம் புள்ளி விழுந்துவிடுகிறது! போட்டிக்கு முந்தைய நாள் நாயின் வாலில் எறும்பு. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரியே வாலைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வைத்தான். மூன்றாம் பரிசு. இலக்கணத்தில் இன்னும் தத்தளிக்கிறான்.

'ஐரோப்பாவில் இப்படி உண்டா?' (கோவை வாசகர்)

இத்தாலியில் இருப்பது வேறு ஜாதி. ரோமுக்குத் தென்கிழக்கே மலை மேல் ஆர்ப்பினோ என்று சின்ன ஊர். கி.மு. 106-ல் சிசரோ பிறந்தது அங்கேதான். 1980 முதல் மே மாதத்தில் பல நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அங்கே கூடுகிறார்கள். சிசரோவின் உரைநடையில் ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். உட்கார்ந்து தாய்மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுத வேண்டும். அங்கே பொத்தானும் கிடையாது, கோஷமும் கிடையாது. சிசரோ வாக்கியம் பொங்கல் கரும்பு மாதிரி, கணு கணுவாக நீண்டுகொண்டே போகும். வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும்போதுதான் யார் யாரை என்ன செய்தார் என்று தெரியும். வினை கடைசியில் வருவது தமிழனுக்குப் பழகியதுதானே?

நான் ஒரு தடவை போயிருக்கிறேன். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பக்கம் சிசரோ சிலை, இன்னொரு பக்கம் தளபதி மாரியுஸ் சிலை. அவரும் அந்த ஊர்க்காரர். மலையுச்சியில் சாந்தே இல்லாமல் பெரும் பாறைகளை அடுக்கிய பழைய மதில் நிற்கிறது.

சிசிலித் தீவில் பலட்சோலோ அக்ரெய்தே என்ற ஊரில் பழைய கிரேக்கக் கல் அரங்கம் இருக்கிறது. அங்கே 1991 முதல் பள்ளி மாணவர்களே கிரேக்க நாடகம் போடும் விழா நடக்கிறது. அதற்கு இன்னும் போகவில்லை, ஓய்வு பெற்றதும் போவேன்.

'விளையாட்டுக்கும் கவிதைக்கும் என்ன சார் சம்பந்தம்?' (திருச்சி கல்லூரி மாணவர்)

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைக் கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஜார்ஜ் ஸ்டூவர்ட் ராபர்ட்சன் வட்டெறியப் போனார். கிரேக்கக் கவிதைக்குப் பல்கலைக்கழகப் பரிசு வாங்கியவர். வட்டு 25 மீட்டர் சொச்சத்தில் விழுந்துவிட்டது. மனிதர் விடவில்லை. பிண்டார் என்ற பழங்கவிஞர் பாணியில் தானே ஒரு பாட்டைப் பழைய கிரேக்கத்தில் எழுதி, பரிசளிப்பு நாளில் மன்னர் முன்னால் முழங்கினார். மன்னர் அவருக்கு ஆலிவ் கிளை கொடுத்தார். வட்டெறிந்து வாங்க முடியாததைப் பாட்டுப் பாடி வாங்கிவிட்டார்!

இந்தியர் யாராவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் இருக்கிறாரே. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் செய்யுளுக்குப் பரிசு வாங்கியவர்.

'மகன் 7-ம் வகுப்பு. இந்தப் போட்டிகளுக்கு இப்போதே தயார்படுத்துகிறேன். தினமும் எத்தனை மணி நேரம் போதும்?' (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்)

அம்மா, அரை மணி நேரம். அதுவும் அவனாகக் கேட்டால். காரணம் சொல்கிறேன்.

ரோமப் பேரரசர் டொமிஷியன் கி.பி. 86-ல் ஒலிம்பிக் மாதிரி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு விழா ஏற்படுத்தினார். கவிதைப் போட்டியும் அதில் உண்டு. 94-ல் நடந்த விழாவில் கிரேக்கக் கவிதைக்கு 52 பேர். அதில் ஒருவன் சுல்பிசியுஸ் மாக்சிமுஸ். வயது 11. ஓட்டத் தெரியாத மகன் பாயத்தனிடம் ரதத்தைக் கொடுத்த சூரிய தேவனை தேவர்களின் அரசர் சீயுஸ் எப்படித் திட்டியிருப்பார் என்பது அவன் எடுத்துக்கொண்ட பொருள். நின்ற இடத்திலேயே பாட வேண்டும். 43 வரி பாடினான். சின்னப் பையன் என்ற இரக்கத்தில் கேட்க ஆரம்பித்தவர்கள் வியந்துபோனார்கள் என்று எழுதிவைத்திருக்கிறது.

எங்கே எழுதிவைத்திருக்கிறது? அவன் கல்லறையில். 11 வருஷம், 5 மாதம், 12 நாள்தான் இருந்தான். இரவும் பகலும் கவிதையே நினைப்பாகக் கிடந்து உடம்பு ஓய்ந்துபோனது என்கிறது அங்கே வெட்டியிருக்கும் கிரேக்கப் பாட்டு. 1871-ல் ரோமின் பழைய கோட்டை வாசல் ஒன்றை இடித்தபோது கல் வெளியே வந்தது. நடுவில் மாடம், மாடத்தில் டோகா கட்டிய பையன், கையில் சுருள். அவனைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் அவன் பாடிய வரிகள். பெற்ற பாசத்தில் கூட்டிச் சொல்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே, அதனால்தான் கவிதையையே கீழே வெட்டிவைத்தோம் என்று அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் பயிற்சி நாளில் இந்தக் கல்லின் படத்தை மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோருக்குத்தான் காட்டுகிறேன்.

'படத்தில் ரதம் இருக்கிறது, குதிரையைக் காணோமே?' (மதுரை, 4-ம் வகுப்பு மாணவன்)

பிள்ளைகள்தான் தம்பி குதிரை. ஒருத்தர் மேலே நிற்பார், மற்றவர்கள் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ரதத்தை நாங்களே செய்ய வேண்டும். பிளாஸ்டிக் குழாய், பழைய சைக்கிள் சக்கரம், பெயின்ட். இந்த வருஷ ரதத்துக்கு இரண்டு சக்கரமும் என் சைக்கிளுடையவை. போட்டி முடியும் வரை நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன்.