குளிருக்குப் பயந்து கையெழுத்து வைக்க வேண்டாம், தங்கச்சி

கனடாவில் ஏஜக்ஸில் வீடு வாங்கி முதல் பனிக்காலமே வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் நின்றுவிட்டது, பார்க்க வந்தவர் முழுதாக மாற்ற வேண்டும், இன்றைக்கே கையெழுத்து வைத்தால் விலை குறைப்பேன் என்கிறார், அவரை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இன்றைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். பிறகு மாற்றத்தான் வேண்டி வந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு வேண்டாம்.

இரவைச் சமாளிக்கச் சின்ன மின்சார ஹீற்றர் ஒன்று வாங்கி, பிள்ளைகளோடு ஒரே அறையில் படுங்கள். அதை நேரே சுவரிலுள்ள பிளக்கில் கொழுவுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். அப்புறம் நீங்களே சிலதைப் பார்க்கலாம். பேர்னஸுக்குப் பக்கத்தில் லைற் சுவிச் மாதிரியே ஒன்று இருக்கும்; சாமான் அடுக்கும்போது கைபட்டு அணைந்திருக்கலாம். காற்றை வடிகட்டுகிற பில்ரர் தூசியால் அடைத்தால் உள்ளே சூடு கூடி, பேர்னஸ் தானே நின்றுவிடும். வெளிச்சுவரில் வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றின் வாயைப் பனி மூடியிருக்கிறதா பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஜனவரி இரவு நின்றது அந்தப் பனியால்தான். நெருப்பை உணர்கிற சின்னக் கம்பியில் அழுக்குப் படிந்தாலும் பற்றியவுடன் அணைந்துவிடும். அதைத் துடைக்கக் கால்மணி நேரம் போதும். இவை எதற்கும் புதுப் பேர்னஸ் தேவையில்லை.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. வந்தவர் பேர்னஸில், ஆபத்து, போடக் கூடாது என்கிற சிவப்புச் சீட்டுக் கட்டினாரா? நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்துகிற வெப்பமாற்றியில் வெடிப்பு இருந்தால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம், அதனால் சீட்டுக் கட்டுவது அவர் கடமை. ஆனால் அந்தச் சீட்டைக் காட்டிப் பயமுறுத்தி விற்பவர்களும் உண்டு. வெடிப்பைக் கமராவில் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் காட்டாவிட்டாலும், வேறொருவர் பார்த்துச் சொல்லும்வரை பேர்னஸைப் போட வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013இல் ஸ்காபரோவில் எங்கள் கதவைத் தட்டிய ஒருவர், பழைய பேர்னஸ் ஆபத்து, அரசாங்கத் தள்ளுபடி உண்டு என்றார். மாத வாடகைக்கு என்று கையெழுத்து வைத்தோம். ஆறு வருடம் கழித்து வீட்டை விற்கப் போனபோதுதான், அந்தக் கம்பனி எங்கள் வீட்டு உறுதியிலேயே தன் உரிமையைப் பதிந்து வைத்திருந்ததை லோயர் கண்டுபிடித்தார். அதை நீக்க ஆயிரக்கணக்கில் கட்டினோம். என் மனைவி அன்று அழுதது இன்னும் மனதில் நிற்கிறது.

இப்போது சட்டம் உங்கள் பக்கம். அழையாமல் வீட்டுக்கு வந்து பேர்னஸ், ஏசி விற்பதை எங்கள் ஒன்ராறியோ மாகாணம் 2018 மார்ச் 1 முதல் தடுத்திருக்கிறது. வீட்டு உறுதியில் அப்படிப் பதிவதையும் 2024இல் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தமென்றால், அதன் பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

இரண்டாவது ஆளைக் கூப்பிடும்போது, ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் பதிவு எண்ணைத் தொலைபேசியிலேயே கேளுங்கள்; எரிவாயு வேலை செய்கிற கம்பனிக்கு அது கட்டாயம். வருகிறவரிடம் எரிவாயு வேலைக்கான ஜி1 அல்லது ஜி2 தகுதி அட்டை இருக்க வேண்டும், ஜி3 ஆள் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது. வந்து பார்ப்பதற்கு எவ்வளவு என்று முதலே கேளுங்கள். மதிப்பீட்டை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. தமிழர் என்பதற்காக மட்டும் ஒருவரை எடுக்க வேண்டாம். காசாகத் தந்தால் குறைப்பேன், ரசீது இல்லை என்றால் விட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் தருகிறவரைத்தான் நான் திரும்பக் கூப்பிடுவேன்.

காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று இப்போதே அழுத்திப் பாருங்கள். பேர்னஸின் கதவுக்குள்ளே ஒரு சின்ன லைற் மினுங்கும். எத்தனை தரம் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணிக்கைக்கு என்ன பிழை என்று அதே கதவின் உட்பக்கத்தில் அநேகமாக ஒட்டியிருப்பார்கள்.