பையனுக்குப் பதினெட்டு ஆனதும் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

கேள்வி: விவாகரத்தாகி எட்டு வருடமாகிறது. குடும்பநல நீதிமன்றம் எனக்கு 4,000, மகனுக்கு 5,000, மகளுக்கு 5,000 என்று மாத ஜீவனாம்சம் போட்டது. மகன் பிளஸ் டூ படிக்கிறான், வரும் ஜனவரியில் 18 முடிகிறது. மகள் பத்தாவது. "பதினெட்டு ஆகிவிட்டால் ஒரு பைசா கிடையாது" என்கிறார் அவர். 14 மாதப் பாக்கி வேறு நிற்கிறது. காலேஜ் செலவுக்கு என்ன செய்வேன்? மொத்தமாகப் பேசி முடித்துத் தருகிறேன் என்று கோர்ட் பக்கம் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நம்பாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மகன் விஷயத்தில் உங்கள் முன்னாள் கணவர் சொல்வது, கேட்க எரிச்சலாக இருந்தாலும், சட்டப்படி சரிதான். நீங்கள் ஜீவனாம்சம் வாங்கும் பிரிவு வயதைத்தான் பார்க்கிறது, படிப்பைப் பார்ப்பதில்லை. உடல்நலமோ மனநலமோ குன்றி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளை என்றால் 18-க்குப் பிறகும் உண்டு. உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது பையனின் பணம் நிற்கிறது என்றால் இது என்ன கணக்கோ! இந்தப் பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. எண்ணை மாற்றியவர்களுக்குப் பதினெட்டை மாற்றத் தோன்றவில்லை. (சட்டம் மாறிவிட்டதால் பழைய உத்தரவு செல்லாது, புது வழக்கு போட வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய உத்தரவு செல்லும்.)

ஆனால் 18 முடியும் நாள் வரை சேர்ந்த பாக்கி அவர் தலையில்தான். அதில்தான் நீங்கள் அசந்துவிட்டீர்கள். இந்தப் பிரிவில் பாக்கியை வாரண்ட் போட்டு வசூலிக்க, அந்தத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். 14 மாதம் என்கிறீர்கள். அப்படியானால் முதல் இரண்டு மாதப் பணம் ஏற்கெனவே இந்த வழியில் கைநழுவிவிட்டது. இன்னும் தள்ளினால் மாதம் ஒன்றாகக் கழன்றுகொண்டே போகும். இந்த வாரமே மனு போடுங்கள். ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது. "ஜெயிலுக்குப் போய்விட்டால் கணக்கு முடிந்தது" என்பது கோர்ட் வாசல் கதை.

இன்னொன்று. பையன் நம்பருக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று ஜிபேயில் போட்டுவிட்டு, பிறகு அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை அடுக்கி "ஜீவனாம்சம் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லும் அப்பாக்கள் நிறைய. பணம் உங்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும், எந்த மாதத்துக்கானது என்ற குறிப்போடு. பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போட்டு வையுங்கள்.

காலேஜுக்கு வருவோம். மகன் பெயரில் வழியடைத்தாலும் உங்கள் பெயரில் அடைக்கவில்லை. மறுமணம் செய்யாத வரை உங்களுடைய 4,000 தொடரும். சூழ்நிலை மாறினால் அதைக் கூட்டிக் கேட்கவும் அதே புதிய சட்டத்தின் 146-ஆம் பிரிவில் இடமுண்டு. வளர்ந்த பையனின் சாப்பாடும் ஃபீஸும் அம்மாவின் தலையில் விழுகிறது என்பதைக் கணக்கில் எடுத்து, டிகிரி முடிக்கும் வரையோ சம்பாதிக்கும் வரையோ அம்மாவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நம் ஊர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம். கூடவே, அவர் தன் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவும் கேளுங்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவராகவே ஃபீஸ் கட்ட ஒத்துக்கொண்டால், அதை நீதிபதி முன் பதிவு செய்ய வையுங்கள். வாய்ச்சொல்லை வைத்து எந்த காலேஜும் அட்மிஷன் தராது.

மகள் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். "பொண்ணுக்குக் கல்யாணம் வரைக்கும் தானாக வரும்" என்பார்கள். தானாக வராது. அவளுக்கும் இந்த உத்தரவு 18-ல் நின்றுவிடும். கல்யாணம் வரைக்குமான உரிமை இருப்பது வேறொரு சட்டத்தில்: 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், பிரிவு 20. சொந்த வருமானமோ சொத்தோ கொண்டு வாழ முடியாத, கல்யாணமாகாத மகளுக்கு அப்பா கொடுக்க வேண்டும். படிப்புச் செலவு அதில் அடக்கம். நியாயமான கல்யாணச் செலவும் அடக்கம். 2020-ல் ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை போனார். உரிமை உண்டு, ஆனால் 125-ல் கிடையாது, 20-ஆம் பிரிவில் தனியாகக் கேள் என்றுதான் சொன்னார்கள். எத்தனையோ வருடம் அலைந்த பிறகு! உங்கள் மகள் 18 முடித்ததும் தன் பெயரிலேயே அந்த மனுவைப் போட வேண்டும். குடும்பநல நீதிமன்றத்திலேயே போடலாம். வேலைக்குப் போய்த் தன் காலில் நின்றுவிட்டால் உரிமை நிற்கும்.

சரி, அந்த "பேசி முடித்துத் தரும்" ஆள். அவர் என்ன செய்வார் தெரியுமா? பாக்கியில் பாதியைக் காட்டி, "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவார். வந்த பணத்தில் தன் சதவீதத்தை எடுத்துக்கொள்வார். பிள்ளைகளின் ஜீவனாம்சத்தை அம்மா எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தை உடைக்க இன்னும் பத்து வாய்தா அலைவீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீலுக்கே தடை. இவர் வக்கீலும் இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம். வழக்கு முடியும் வரை பணம் கேட்டுப் போடும் இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வருவதற்கே அறுபது நாள் ஆகிவிடும், அது வேறு கதை. அதனால் அவருடைய இப்போதைய வீட்டு விலாசம், வேலை பார்க்கும் கம்பெனி விலாசம் இரண்டையும் மனுவில் கொடுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகல், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, இவற்றோடு போய் உட்காருங்கள். மதியத்துக்கு முன்னால் போவது நல்லது.